தங்கதுரை மேல் ஒரு பிராது

வேனிலிருந்து இறக்கிப் பெஞ்சில் கிடத்தியதும், செல்வநாயகி குனிந்து புருஷனின் வாயருகே மூக்கைக் கொண்டுபோனாள். முகத்தோடு முகம் வைத்து அழப்போகிறாள் என்று நினைத்த பெண்கள் ஒப்பாரியைச் சற்றே உயர்த்தினார்கள். அவள் அழவில்லை. மூச்சை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள். பஞ்சு வாசனை, ஆஸ்பத்திரி மருந்து வாசனை. வேறொன்றும் இல்லை.

மூன்று மாதமாக, அவன் தூங்கிய பிறகு ராத்திரிதோறும் செய்துவந்த வேலை. இன்றைக்கும் தன்னால் நடந்துவிட்டது. யார் கண்ணிலாவது பட்டதோ என்று சுற்றிலும் பார்த்தாள். நாத்தனார் வீரம்மாள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

"என்னாத்த மோந்து பாக்கற?" தம்பியின் தலைமாட்டில் உட்கார்ந்தபடியே கேட்டாள். அது ஒப்பாரிக் குரல் இல்லை.

"ஒண்ணுமில்லிங்க அண்ணி."

"ஒண்ணுமில்லாததுக்கு எதுக்கு மோப்பம்."

செல்வநாயகி கால்மாட்டுக்குப் போய் உட்கார்ந்தாள். ஒன்பது வயது வெண்பா வந்து அம்மாவை ஒட்டிக்கொண்டாள். யாரோ அவளை அழச் சொல்லியிருக்க வேண்டும். அப்பாவின் பாதங்களைப் பார்த்துக்கொண்டு அழுவதற்கு முயன்றுகொண்டிருந்தாள்.

செல்வநாயகி மனதுக்குள் நாள் எண்ணினாள். வழி நெடுக வேனில் எண்ணியதுதான். எத்தனை முறை எண்ணினாலும் இன்றைக்கு எழுபத்தெட்டாவது நாள்.

அவளுக்குச் செராமிக் எஸ்டேட்டில், கரண்டுக்கு மாட்டுகிற பீங்கான் பீஸ் கட்டை தட்டுகிற வேலை. சூளையிலிருந்து வரும் கட்டைகளை இரண்டு இரண்டாக எடுத்து ஒன்றோடொன்று தட்ட வேண்டும். கணீரென்றால் நல்லது. சொத்தென்றால் உள்ளே விரிசல். கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் கழித்துப் போட்டுவிட வேண்டும். பதினொரு வருஷமாக அதைச் செய்து செய்து, மனிதர்கள் பேசுவதையும் அவள் அப்படித்தான் கேட்கப் பழகியிருந்தாள்.

தங்கதுரை அதே எஸ்டேட்டில் சூளை எரித்தவன். சூளையில் நிற்கிறவர்கள் எல்லோரையும் போல அவனும் சாயங்காலம் கடைப் பக்கம் போய்விட்டுத்தான் வீடு திரும்புவான். கம்பெனிகள் ஒவ்வொன்றாக மூடிய சமயத்தில், குஜராத்தில் டைல்ஸ் கம்பெனிக்கு ஆள் சேர்க்கக் கோவிந்தசாமி மேஸ்திரி வந்தார். தங்கதுரைக்குப் போக இஷ்டமில்லை. செல்வநாயகிதான் பிடித்துத் தள்ளினாள். அந்த ஊரில் குடிக்கத் தடை என்று எங்கேயோ கேள்விப்பட்டிருந்தாள். ரெண்டு வருசம் வாயக் கட்டுனா எல்லாம் மறந்து போயிடும், போயிட்டு வாங்க என்று பெட்டி கட்டிக் கொடுத்தாள்.

இரண்டு வருஷம் கழித்துப் பொங்கலுக்கு வந்தவன் பாதி ஆளாக வந்தான். வலது விலாவில் கையை ஊன்றிக்கொண்டு ஒரு பக்கமாகச் சாய்ந்து நடந்தான். ராத்திரியில் குளிர் கண்டு உடம்பு தூக்கிப் போட்டது. சோற்றைப் பார்த்தால் குமட்டினான். டவுனில் ஒரு டாக்டரிடம் அழைத்துப்போனாள். டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு, குடி உண்டா என்று கேட்டார். இல்லிங்க, நிறுத்தி ரெண்டு வருசமாச்சு என்றான் தங்கதுரை. டாக்டர் சிரித்தார். அவனைப் பார்த்துச் சிரிக்கவில்லை, அவளைப் பார்த்துச் சிரித்தார். "கல்லீரல் வீங்கியிருக்கும்மா. மொதல்ல நிறுத்தச் சொல்லு, அப்புறம் மருந்து வேல செய்யும்."

கல்லீரல் என்றால் என்ன அர்த்தம் என்று எஸ்டேட்டில் எல்லோருக்கும் தெரியும். அந்த வார்த்தையோடு எத்தனையோ சூளைக்காரர்கள் போயிருக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டாள். அவன் வெண்பாவைக் கூப்பிட்டு, அவள் தலையில் கையை வைத்து, "சத்தியமா தொடல" என்றான்.

அவள் அதையும் தட்டிப் பார்த்தாள். சொத்தென்றுதான் கேட்டது. சத்தியம் செய்த பிறகும் வலி குறையவில்லை, வாந்தி நிற்கவில்லை. அப்படியானால் பெண்ணின் தலையில் கை வைத்துப் பொய் சொல்லியிருக்கிறான். பொய்ச் சத்தியம் யார் தலையில் இறங்கும்?

விருத்தாசலத்துக்காரர்களுக்குக் கோர்ட்டு இரண்டு. ஒன்றில் கறுப்புக் கோட்டு போட்டவர்கள் இருப்பார்கள். இன்னொன்று மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயில். அங்கே மனக்குறையைக் காகிதத்தில் பிராதாக எழுதி, சாமி முன்னால் வைத்து வாங்கி, முனியப்பர் சன்னதியில் கட்டிவிட்டு வர வேண்டும். தொண்ணூறு நாளுக்குள் தீர்ப்பு. தீர்ந்ததும் மறுபடி போய் ராஜினாமா கொடுத்துப் பிராதை வாபஸ் வாங்க வேண்டும். பொய்ப் பிராது கொடுத்தால் கொடுத்தவர் மேலேயே திரும்பும் என்றும் சொல்வார்கள்.

தனியாகப் போகத் தைரியமில்லாமல் கமலத்தைத் துணைக்கு அழைத்துப் போனாள். கமலத்தின் புருஷன் அன்பரசனும் தங்கதுரையோடு ஒரே கம்பெனியில் வேலை செய்தவன். அப்போது அவன் இன்னும் ஊர் திரும்பவில்லை. செல்வநாயகி யாரிடமும் எழுதி வாங்கவில்லை, தன் கையாலேயே எழுதினாள். என் கணவர் தங்கதுரை குடித்துவிட்டு, குடிக்கவில்லை என்று என் மகள் தலையில் அடித்துச் சத்தியம் செய்துள்ளார். விசாரிக்க வேண்டும். தண்டனை என் மகளுக்கு வராமல் அவருக்கே வரும்படி செய்ய வேண்டும்.

அது தை மாதக் கடைசி. இப்போது சித்திரை.

போன வாரம் ஒரு நாள் காலையில் அவன் வயிறு பானை மாதிரி உப்பிக்கொண்டது. பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரியில் மூன்று நாள் கிடந்தான். சின்ன வயது டாக்டரம்மா ஒருத்தி அவளை உட்கார வைத்துப் பொறுமையாகச் சொன்னாள்.

"அமீபான்னு ஒரு கிருமிம்மா. கண்ணுக்குத் தெரியாது. அசுத்தமான தண்ணியில இருந்து குடலுக்குப் போயி, அங்கேருந்து கல்லீரலுக்குப் போயிடும். போயி சீழ் கட்டும். இவருக்கு அந்தக் கட்டி ஒடைஞ்சி வயிறு பூரா பரவிடுச்சி. ரெண்டு மாசம் முன்னாடி வந்திருந்தா மாத்திரையிலயே முடிஞ்சிருக்கும்."

"அப்ப குடியால இல்லிங்களா?"

டாக்டரம்மா கொஞ்சம் யோசித்தாள். "குடிக்கிறவங்களுக்கு அதிகமா வருது. குடிக்காதவங்களுக்கும் வரும். இவரு குடிப்பாரா?"

செல்வநாயகி சுவரைப் பார்த்தாள். அது தனக்கே தெரிந்திருந்தால் இந்த டாக்டரம்மாவிடம் எதற்குக் கேட்டிருக்கப் போகிறாள்.

குடித்திருந்தால், சாமி விசாரித்துத் தீர்ப்புச் சொல்லிவிட்டது, வெண்பாவுக்கு ஒன்றுமில்லை. குடிக்கவில்லையென்றால், கொடுத்தது பொய்ப் பிராது. அது இன்னும் கோயிலில் கட்டியபடியே கிடக்கிறது. சாவுத் தீட்டு கழியப் பதினாறு நாள். அதற்குள் தொண்ணூறு தாண்டிவிடும். தீட்டோடு கோயிலுக்குள் கால் வைக்க முடியாது. வேனில் பிணத்தின் பக்கத்தில் உட்கார்ந்து அவள் போட்ட கணக்கு இதுதான்.

வாசலில் சாமியானா கட்டியாயிற்று. வருகிறவர்கள் மாலையைப் போட்டுவிட்டு ஆளுக்கொரு நாற்காலியில் உட்கார்ந்தார்கள். பெண்ணாடத்திலிருந்து வந்த இரண்டு பேர் கரும்பு வெட்டு பற்றிப் பேசினார்கள். அவளுடைய காது ஆண்கள் பக்கமே இருந்தது.

"வயசு நாப்பதுகூட ஆவலியே. என்னாவாம்?"

"கல்லீரலாம்."

"அட, அங்கதான் சரக்கே கெடையாதுங்கறாங்க?"

"எவன் சொன்னான் ஒனக்கு. கவர்மெண்டு கடதான் கெடையாது. கதவத் தட்டுனா கைக்கு வரும். நம்ம ஊர்ல கியூவுல நிக்கணும், அங்க அதுகூட இல்ல."

இரண்டு பேர் சிரித்துவிட்டு, பிணம் கிடப்பது ஞாபகம் வந்து தொண்டையைச் செருமிக்கொண்டார்கள்.

உள்ளே வீரம்மாள் பாட்டை நிறுத்திவிட்டுப் பக்கத்திலிருந்தவளிடம், எல்லோருக்கும் கேட்கும்படியாகவே சொன்னாள். "எந்தம்பி உடம்பு நோயால போவல. யாரோ என்னாத்தையோ செஞ்சி வச்சிருக்காங்க. எனக்குத் தெரியும். வந்தப்பவே சொன்னேன், பாண்டிக்கு அழைச்சிட்டுப் போ, பாண்டிக்கு அழைச்சிட்டுப் போன்னு. காதுல வாங்கல."

சொல்லும்போது அவள் செல்வநாயகியைப் பார்க்கவில்லை. பார்க்காமலிருந்ததே பார்த்த மாதிரி இருந்தது.

பத்து மணி வாக்கில் கமலம் வந்தாள். செல்வநாயகியைக் கட்டிக்கொண்டு அழுதாள். அழுகையின் நடுவிலேயே காதில், "கேட்டுட்டாரு பாத்தியாக்கா சாமி" என்றாள்.

"வாய மூடுடி."

"யாருக்கும் கேக்காது." மூக்கைச் சிந்திக்கொண்டு இன்னும் நெருங்கி உட்கார்ந்தாள். "நானும் கட்டலாம்னு இருக்கறங்க்கா. எப்பிடி எழுதுனன்னு மட்டும் சொல்லு. எங்கூட்டுக்காரரும் அப்பிடித்தான் ஆயிட்டாரு. வந்து ஒரு மாசமாவுது. சோறு எறங்கல. ராத்திரியில வெடவெடன்னு நடுங்கறாரு. கேட்டா பித்தம்ங்கறாரு."

"எங்க வலிக்குதாம்?"

"இங்க." கமலம் தன் வலது விலாவுக்குக் கீழே தொட்டுக் காட்டினாள். "தோள்பட்டையும் வலிக்குதாம். ஊத்துறது வயித்துல, வலிக்கறது தோளுலயா? கத வுடறாரு."

"வாசன வருதா?"

"அதான் வர்றதில்ல. தூங்கறப்ப வாய்கிட்ட மோந்து மோந்து பாக்கறன். ஒண்ணுந் தெரியல. அதுக்குன்னே ஏதோ பாக்கு விக்குதாமே, நீதான சொன்ன. மென்னா வாசனையே வராதுன்னு. எம்மாம் கெட்டிக்காரங்க பாரு."

செல்வநாயகி அவளிடமிருந்து கையை விடுவித்துக்கொண்டாள். ஆமாம், அவள்தான் சொன்னாள். அப்படி ஒரு பாக்கை அவள் கண்ணால் பார்த்ததில்லை. எஸ்டேட்டில் யாரோ சொன்னார்கள். வாசனை வராததற்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது, பிடித்து வைத்துக்கொண்டாள்.

வாசலைப் பார்த்தாள். வேப்பமரத்தடியில் அன்பரசன் நின்றிருந்தான். பாடைக்கு மூங்கில் பிளந்துகொண்டிருந்தார்கள். ஒரு முனையைப் பிடித்துக்கொள்ளக் குனிந்தவன், குனிந்தபடியே நின்று, இடது கையால் வலது விலாவைப் பிடித்துக்கொண்டான். பிறகு யாரும் பார்க்கவில்லையே என்பது போல மெல்ல நிமிர்ந்தான்.

அந்தக் கை வைப்பு அவளுக்கு நன்றாகத் தெரியும். மூன்று மாதமாக அதைக் குடிகாரன் நடிப்பு என்று பார்த்திருந்தாள்.

இரண்டு மணிக்குக் குளிப்பாட்டி, வேட்டி கட்டி, பாடையில் கிடத்தினார்கள். பெண்கள் வரிசையாக வந்து வாய்க்கரிசி போட்டார்கள். தூக்குவதற்கு முன்னால் தங்கதுரையின் சித்தப்பா பழமலை முன்னே வந்தார். இடுப்பு மடிப்பிலிருந்து ஒரு குவாட்டர் பாட்டிலை எடுத்தார். செத்தவனுக்குப் பிரியமானதை உடன் வைத்து அனுப்புவது அந்தத் தெருவில் வழக்கம். போன வருஷம் ஒருவருக்குச் சீட்டுக்கட்டு வைத்தார்கள்.

"ஆசையோட போவக் கூடாது. ரெண்டு சொட்டு வாயில வுட்டுட்டு, மிச்சத்தத் தலமாட்டுல வைங்கடா" என்றார்.

"அண்ணன் குடிக்க மாட்டாருங்க." அன்பரசன்தான் சொன்னான். கூட்டத்தின் ஓரத்திலிருந்து சொன்னான்.

பழமலை திரும்பிப் பார்த்தார். "யாரு, எங்க தங்கதொரையா? அவன் அடுப்புல நின்ன நாள்லேருந்து எனக்குத் தெரியும்டா தம்பி."

"அங்க வந்ததுலேருந்து தொட்டதில்லிங்க. நாங்க குடிச்சிருக்கோம், நான் இல்லன்னு சொல்லல. அண்ணன் வர மாட்டாரு. தண்ணிதான் குடிப்பாரு. சூளகிட்ட நின்னுட்டு வந்து சொம்பு சொம்பா குடிப்பாரு."

"என்னா தண்ணி?" செல்வநாயகி கேட்டாள்.

கால்மாட்டிலிருந்து அவள் குரல் வந்ததும் எல்லோரும் திரும்பினார்கள்.

"தொட்டித் தண்ணிதாங்க அண்ணி. லாரி வர்ற அன்னிக்கி நல்ல தண்ணி. வராத அன்னிக்கி மண்ணு கரைக்கற தொட்டியிலேருந்துதான். அதுக்குப் பொறத்தாலதான் கக்கூஸு. மழ பேஞ்சா எல்லாம் ஒண்ணாத்தான் ஓடும்." சொல்ல வெட்கப்பட்டவனாகத் தலையைக் குனிந்துகொண்டான். "வயித்துக்கடுப்பு வந்து ஏழு பேரு கெடந்தோம். ரத்தமா போச்சி. மேஸ்திரி ஏதோ மாத்திர குடுத்தாரு, நின்னுடுச்சி."

அவள் அதைத் தட்டிப் பார்த்தாள். நண்பனுக்காகப் பொய் சொல்கிறானா. சாவு வீட்டில் செத்தவனை விட்டுக்கொடுக்காமல் பேசுகிறானா. குனிந்த தலையையும், விலாவை விட்டு நகராத கையையும் பார்த்தாள். அந்தக் கையைப் பற்றி அவன் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.

பழமலைக்கு அலுத்துவிட்டது. மேளக்காரர்கள் காத்திருந்தார்கள். "அதெல்லாம் கெடக்கட்டும். பொண்டாட்டிக்குத் தெரியாததா. ஏம்மா செல்வநாயகி, நீயே சொல்லு. வைக்கறதா, வேணாமா?"

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். வெண்பாவும் பார்த்தாள்.

"வேணாங்க மாமா" என்றாள். "அவரு குடிக்கல."

பழமலை உதட்டைப் பிதுக்கிவிட்டுப் பாட்டிலை மடிப்புக்குள் செருகினார். அவருக்கு அதில் பெரிய வருத்தமில்லை. ஆனால் பின்னாலிருந்து கமலம், திகைப்பில் தன்னை மறந்து, வாய்விட்டே கேட்டுவிட்டாள்.

"என்னாக்கா சொல்ற? நீதான அவரு மேல பிராது கட்டுன?"

மேளக்காரர் ஒருவர் குச்சியை எடுத்தவர் எடுத்தபடியே நின்றார்.

வீரம்மாள் எழுந்தாள். முட்டியில் கையை ஊன்றி, மெதுவாக எழுந்தாள். "என்னா பிராது?"

செல்வநாயகி கமலத்தைத் திரும்பிப் பார்த்தாள். இல்லை என்று சொல்லிவிடலாம். கமலத்தை ஏசிவிடலாம், எல்லோரும் நம்புவார்கள். கமலம் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"கொளஞ்சியப்பர்கிட்ட கட்டுனேங்க அண்ணி. குடிச்சிட்டுப் புள்ள தலையில பொய்ச் சத்தியம் பண்றாரு, தண்டன அவருக்கே வரணும்னு எழுதி வச்சேன்." பிறகு, யாரும் கேட்காமலேயே, "அது பொய்ப் பிராது" என்றாள்.

அடிக்கப் போகிறாள் என்றுதான் பெண்கள் இரண்டு பேர் குறுக்கே வந்தார்கள். வீரம்மாள் அடிக்கவில்லை. தம்பியின் நெற்றியில் ஒட்டியிருந்த ஓர் அரிசியை எடுத்து அவன் வாயில் போட்டாள்.

"குடிக்கலங்கறத அவன் காது கேக்கறப்ப சொல்லியிருக்கணும்டி" என்றாள்.

மேளம் கொட்டத் தொடங்கியது. நாலு பேர் பாடைக்குத் தோள் கொடுக்கக் குனிந்தார்கள். அன்பரசன் பின்பக்க வலது மூங்கிலைப் பிடித்தான். செல்வநாயகி எழுந்து போய் அவன் மணிக்கட்டைப் பிடித்து மூங்கிலிலிருந்து எடுத்தாள்.

"நீ தூக்காத."

அவன் முகம் செத்துப்போயிற்று. "அண்ணி, நான் இன்னிக்கி ஒண்ணும்..."

"தூக்காதன்னு சொல்றன்."

"பாத்தியா, போட்டிருக்கான் போல, அவளுக்குத் தெரிஞ்சிடுச்சி" என்று யாரோ சொன்னது எல்லோருக்கும் கேட்டது. அன்பரசனுக்கும் கேட்டது. அவன் கையை உதறிக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போனான். அவன் இடத்தில் வேறொருவன் குனிந்தான். பாடை எழுந்தது.

தெருமுனை வரைக்கும் பெண்கள் பின்னால் அழுதுகொண்டே ஓடினார்கள். செல்வநாயகி ஓடவில்லை. வீட்டுக்குள் போய், ஆஸ்பத்திரியில் கொடுத்த பிளாஸ்டிக் பையை எடுத்துக்கொண்டு வேப்பமரத்தடிக்கு வந்தாள். கமலம் புருஷன் பக்கத்தில் நின்று, "பாத்தியா, ஊரு முச்சூடும் சொல்லுது, நான் மட்டுமா சொல்றன்" என்று அடிக்குரலில் திட்டிக்கொண்டிருந்தாள்.

"கமலம், வாய மூடு. இத வாங்கு." பையை அவள் கையில் திணித்தாள். "இதுல ஸ்கேன் படம், சீட்டு எல்லாம் இருக்குது. மூணு மணிக்குப் பாண்டி பஸ்ஸு இருக்குது. பெரிய ஆஸ்பத்திரியில, கண்ணாடி போட்ட சின்ன டாக்டரம்மா. இதக் காட்டி, இவரும் இவரும் ஒரே தொட்டித் தண்ணி குடிச்சவங்கன்னு சொல்லு. அத மொதல்ல சொல்லு."

"இன்னிக்கேவாக்கா? சாவு வூட்டுலேருந்து நேரா ஆஸ்பத்திரிக்கா?"

"இன்னிக்கே."

"குடிக்கிறியான்னு கேப்பாங்க" என்றான் அன்பரசன் தரையைப் பார்த்தபடி. "எல்லாரும் அதத்தான் கேக்கறாங்க. அதுக்குத்தான் எங்கயும் போவல."

"கேட்டா கேக்கட்டும். மாத்திரய வாங்கிக்க."

அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். விலாவிலிருந்து கையை எடுத்து, பையைத் தானே வாங்கிக்கொண்டான். பஸ் ஸ்டாண்டு பக்கம் அவன் முன்னால் நடக்க, கமலம் நாலடி பின்னால், திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். போகிற வழியில் கடைப் பக்கம் திரும்புகிறானா என்று பார்ப்பவள் போலத்தான் இருந்தது அந்த நடை.

வீடு கழுவ ஆரம்பித்திருந்தார்கள். பெண்கள் செல்வநாயகியையும் வெண்பாவையும் தொட்டி அருகே அழைத்துப்போய் ஒரே பலகையில் உட்கார வைத்தார்கள். வீரம்மாள் முதல் குடத்தை மொண்டாள். தண்ணீர் தலையில் விழுந்ததும் வெண்பாவுக்கு அதுவரை வராத அழுகை வந்துவிட்டது. வாயைத் திறந்து கதறினாள்.

செல்வநாயகி கையை நீட்டி மகளின் வாயைப் பொத்தினாள்.

"அழற புள்ளய அழவுடேன்டி" என்றாள் ஒருத்தி. "பெத்த அப்பன். இதுக்கும் தடையா?"

அடுத்த குடம் விழுந்தது. அதற்கடுத்ததும் விழுந்தது. வெண்பா திமிறினாள். தண்ணீர் அவள் நெற்றியில் இறங்கி, மூக்கோரமாக வழிந்து, வாய்க்குள் போகாமல் அம்மாவின் புறங்கை மேல் ஓடிக் கீழே சொட்டியது. செல்வநாயகி கையை எடுக்கவில்லை.